புதுப்பட்டை

களியக்காவிளை தாண்டும்போது
வேன் ஓட்டும் ஜஸ்டஸ் ஒரு மிஸ்டுகால் தருவான்.
அங்கே தொடங்கும் எங்கள் கணக்கு.
ஈயக் குடத்துக்குள் உள்ள சர்க்கரை
நூற்றுப்பத்து நிமிடத்தில் பாதி.
மார்த்தாண்டம் பாலத்தில் ஒரு லாரி படுத்துவிட்டால்
பாதியிலும் கொஞ்சம்.
வெட்டூர்ணிமடத்தில் தரைக்கடியில் இருக்கும் எங்கள் அறைக்கு
அது வந்து சேர்வது
எப்போதும் புறப்பட்டதைவிட ஏழையாக.

திங்கட்கிழமை அது ரசலையனுக்கு.
பேச்சிப்பாறைப் பக்கம், ரப்பர் பால்வெட்டு, வயது அறுபத்தொன்று.
முதலில் மரச்சீனி அடைத்தது.
பிறகு புட்டு.
பிறகு குழைந்த சோறு.
கதிர்வீச்சு முடிந்து மூன்று மாதம்,
கஞ்சித்தண்ணி இப்போது இறங்குகிறது.
"இப்பம் கொள்ளாம் மோளே" என்கிறார்,
ஆறு மணிநேரப் பட்டினியில் நாக்கு அண்ணத்தில் ஒட்ட.

சர்க்கரைக்கு ஆள் பார்க்கத் தெரியாது.
பசித்தவன் எவனோ அவன் வீட்டில் ஏறும்.
மூளைக்குப் பசி, இதயத்துக்குப் பசி,
கட்டிக்குக் கொடும்பசி.
சூடுபட்ட உணவுக்குழாய்க்கும்
ஆறிக்கொண்டிருக்கும் புண்ணுக்கும் அதே பசிதான்.
மார்பெலும்புக்குப் பின்னால்
ஒரு விரல் நீளத்துக்கு மஞ்சள் எரிந்தது திரையில்.
எரிகிற வீடா
அணைத்த வீட்டின் கங்கா
என்று சர்க்கரை சொல்லவில்லை.

தைமிடின் என்றொன்று உண்டு.
படிக்கிற காலத்தில் இரண்டே முறை பார்த்தேன்.
பெருகத் துடிக்கும் செல்லில்தான் அது தங்கும்,
வீக்கத்தை அவ்வளவாக மதிக்காது.
நல்ல குணம்தான், ஆனால் கூச்சக்காரன்.
ஒளி மங்கல்.
சின்ன முடிச்சுகளைப் பார்த்தும் பார்க்காததுபோல் போய்விடும்,
எலும்பு மஜ்ஜையில் போய் உட்கார்ந்து
முதுகெலும்பு முழுக்க விளக்கேற்றும்.
எங்கள் ஊருக்கு அது வருவதில்லை.

வியாழக்கிழமை கேலியம்.
இதற்கு வேன் வேண்டாம்.
மூலையில் ஒரு ஜெனரேட்டர் இருக்கிறது, கரண்டுக்கு அல்ல.
காலையில் நீர்த்த அமிலம் விட்டுக் கறப்போம்.
ஒருமுறை கறந்தால்
நாலு மணிநேரம் ஊற விடவேண்டும்.
இதைச் சொன்னதும் ரசலையன் முதல்முறையாகச் சிரித்தார்:
"அப்பம் அதுவும் ரப்பர்மரம் தான்."

கேலியம் கூட்டிப்போகும் மருந்து
கட்டியைத் தேடுவதில்லை.
கட்டி தன்னைச் சுற்றி எழுப்பும் வேலியைத் தேடும்,
நார் பின்னும் கூலியாட்களை.
மூளை இருட்டு. இதயம் இருட்டு.
பக்கத்தில் ஒரு முடிச்சு இருந்தால்
வெள்ளரி விதைபோலத் துலங்கும்.
இவ்வளவு சுத்தமான படத்தை நம்பாமல் இருப்பது கஷ்டம்.
ஆனால் தழும்பும் நார்தானே.
கதிர் பட்ட இடம் ஆறும்போதும்
அதே கூலியாட்கள்தான் வேலைக்கு வருகிறார்கள்,
அதே கயிறு, அதே முடிச்சு.

இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம்.
மஞ்சள் இருந்த இடத்தில் கேலியமும் இருந்தது,
சற்றே நீளமாய், சற்றே மங்கலாய்.
டாக்டர் மெர்லின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
மிச்சமா, ஆறுவதா?
குழல் விட்டுச் சதை எடுத்துப் பார்க்கவும்
என்று எழுதினார்.

இதை எப்படிச் சொல்வதென்று நான் வாய் திறப்பதற்குள்
ரசலையன் சொன்னார்:
"வெட்டின பட்டை ஏழெட்டு வருசத்துல திரும்ப வளரும் மோளே.
புதுப்பட்டையா, உள்ள பால் வத்திப் போச்சா,
வெளிய நிண்ணு பாத்தா எல்லாம் ஒண்ணுபோல.
கத்தி வச்சாத்தான் தெரியும்."
பிறகு தன் வலதுகைப் பெருவிரலைப் பார்த்தார்,
கத்தி பிடித்துக் காய்த்த இடத்தை.

கேண்டீன் பையன் கட்டன்சாயா கொண்டுவந்தான்,
ஆற்றி, கண்ணாடி கிளாசில்.
நான் இரண்டு மீட்டர் தள்ளி நின்றேன். அது விதி.
ஒரு மிடறு.
குரல்வளை ஏறியது. நின்றது.
சுவரில் ஏசி முனகிக்கொண்டிருந்தது.
இறங்கியது.
அவர் கிளாசை என்னைப் பார்த்துத் தூக்கிக் காட்டினார்:
"சீனி கொஞ்சம் கூடுதல்."